தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்கு மனச்சோர்வு: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கும் உங்கள் 68 வயது அப்பாவுக்கு மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் சொல்லி, எஸ்சிடலோப்ராம் மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகியும் அவர் கட்டிலை விட்டு எழவில்லை, வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் மனநலப் பிரிவில் செவிலியராக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த மாத்திரைக்குப் பத்து நாள் போதாது. தெளிவு தெரிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். குமட்டலும் வயிற்றுக் கலக்கமும் முதல் வாரத்திலேயே வந்துவிடுவதால், ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். அட்டையை அவரிடம் விடாமல் ஒவ்வொரு வேளையும் நீங்களே எடுத்துக் கொடுத்து, அவர் விழுங்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வார்டில் நாங்கள் செய்வதும் அதுதான். இந்த வயதில் இவ்வகை மாத்திரையால் இரத்தத்தில் சோடியம் குறைவதுண்டு, இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் வாய்ப்பு அதிகம். நடை தள்ளாடினாலோ பேச்சு குழம்பினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். தலை பாரம், நெஞ்சு கரிப்பு, கால் ஓய்ச்சல் என்று உடம்பின் மேல் வைத்துத்தான் சொல்வார்கள். அதை முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவும் நேரமாகும், ஏனெனில் இந்த நோயில் யோசனையே மந்தப்பட்டுவிடும். பதில் வருவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டால் இரண்டுக்கும் பதில் வராது. "குளிக்கிறீங்களாப்பா?" என்றால் "வேண்டாஞ்சாமி" என்பார். "தண்ணி காஞ்சிருச்சுங்கப்பா, வாங்க" என்று துண்டைத் தோளில் போட்டுக் கையைப் பிடித்தால் பெரும்பாலும் எழுந்துவிடுவார், முடிவெடுக்கும் பாரத்தை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் அல்லவா? பலருக்குக் காலையில்தான் மனம் மிக மோசமாக இருக்கும், பொழுது சாயச் சாய லேசாகும். ஆகவே குளியலையும் கட்டுத்தரை வரை நடப்பதையும் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். தட்டு நிறையப் போட்டால் பார்த்ததுமே ஒதுக்குவார். அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைவாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "காடு தோட்டமெல்லாம் இருக்கையில உங்களுக்கென்னங்க கவலை?" என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அது இன்னொரு அடி என்பதால், வாசலிலேயே அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது வேறொன்று. மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் உடம்புக்குத் தெம்பு வரும், நம்பிக்கை பின்னால்தான் வரும். எழுந்து நடக்கிறார், இனிப் பயமில்லை என்று குடும்பம் அசருகிற அந்த இடைவெளியில்தான் கண்காணிப்பு கூட வேண்டும். பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து, நம் ஊர் வீடுகளில் வாசல் தெளிக்க வைத்திருக்கும் சாணிப்பவுடர் என்ற விஷச் சாயப்பொடி, மிச்ச மாத்திரைகள் எல்லாவற்றையும் இன்றைக்கே சாளையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். பூட்டி வைத்தால் போதாது, சாவி இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். "இருந்தென்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கும். ஆமென்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட்டிப்போகும் வரை யோசனை கேட்க 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழில் பேசலாம். போலீஸ் கேஸாகும் என்று தயங்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருதி, அவரைத் தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரை தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான். அம்மா ஒருவரே இரவெல்லாம் விழித்திருந்தால் அவரும் படுத்துவிடுவார். பங்காளி வீட்டிலோ அக்கா வீட்டிலோ சொல்லி, இரவுக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள்.