ரோட்டுக் காசு எந்த வழியாகப் போகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சாலை நிதி பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். சுங்கச்சாவடியைத் திட்டி மட்டும் வந்தவை நிறைய. அவற்றுக்குப் பதில் கிடையாது, நானும் திட்டுகிற கட்சிதான்.

எங்கள் ஊர் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. எம்.பி. இதைப் பற்றி லோக்சபாவில் வாயே திறக்கவில்லை. எதற்கு ஓட்டுப் போட்டோம்? (உசிலம்பட்டி வாசகர்)

அது யாருடைய ரோடு என்று முதலில் பாருங்கள். நாட்டில் சுமார் 63 லட்சம் கி.மீ. சாலை இருக்கிறது. அதில் தேசிய நெடுஞ்சாலை ஒன்றரை லட்சம் கி.மீ.கூட இல்லை. மற்றதெல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறை, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்று பிரிந்து கிடக்கிறது. எம்.எல்.ஏ.வைக் கேட்க வேண்டியதை எம்.பி.யிடம் கேட்டால் ஒரு பரிந்துரைக் கடிதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு விலக்கு உண்டு. 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடாக இருந்தால் தில்லிப் பணமும் அதில் இருக்கிறது. முன்பு முழுப் பணமும் மத்திய அரசுடையது, 2015-16 முதல் நம் மாநிலத்துக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு போர்டு நிற்கும். பாதிப் போர்டுகளில் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், கிழித்துவிட்டுப் படியுங்கள். ஒப்பந்தக்காரர் பெயர், நீளம், மதிப்பீடு, வேலை முடிந்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். முடிந்த தேதியிலிருந்து ஐந்து வருடம் பராமரிப்பும் அதே ஒப்பந்தக்காரர் பொறுப்பு.

பட்ஜெட்டில் லட்சக்கணக்கான கோடியை விவாதமே இல்லாமல் நிறைவேற்றுகிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள். நிஜமா? (தஞ்சாவூர் வாசகர்)

நிஜம். ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று மானியக் கோரிக்கை வைக்கும். எல்லாவற்றையும் பேச நேரம் இருக்காது என்பதால் நாலைந்தை மட்டும் எடுத்துப் பேசுவார்கள். கடைசி நாளில், குறித்த நேரம் வந்ததும், மிச்சம் அத்தனையையும் சபாநாயகர் மொத்தமாக வாக்குக்கு விட்டுவிடுவார். இதற்குப் பெயர் கில்லட்டின். பிரெஞ்சுக்காரர்கள் தலை வெட்டிய இயந்திரத்தின் பெயர்தான்.

2018 மார்ச் 14-ஐச் சொல்கிறேன். அவையில் ஒரு பக்கம் வங்கி மோசடி, ஒரு பக்கம் ஆந்திரச் சிறப்பு அந்தஸ்து, இன்னொரு பக்கம் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நம் அ.தி.மு.க. எம்.பி.க்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் அரை மணி நேரத்தில் குரல் வாக்கெடுப்பில் தாண்டின. பேசுவதற்கென்று ஒரு அமைச்சகத்தைக்கூட எடுக்கவில்லை. ரோட்டுக்கு அதில் தனிச் சங்கதி உண்டு. மத்தியச் சாலை நிதிச் சட்டத்தையே திருத்தி, பெயரை ‘மத்தியச் சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி’ என்று மாற்றியது அந்த நிதி மசோதாதான். பெயரோடு போகவில்லை, அடுத்த கேள்வியில் பாருங்கள்.

துறைவாரியாக எம்.பி.க்களைக் கொண்ட நிலைக்குழு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சாலைத் துறையின் கோரிக்கையை வரி வரியாகப் பார்த்து அறிக்கையும் தருகிறது. ஆனால் அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

பெட்ரோலில் ரோட்டுக்கென்று பிடிக்கிற செஸ் ரோட்டுக்குத்தான் போகிறதா? (கோவை வாசகர்)

செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று பிடிக்கிற கூடுதல் வரி. பெட்ரோல் வரியில் ரோடு போடலாம் என்பது ஜெயகர் குழு சொன்ன யோசனை. குழு 1927-இல் அமைந்தது, மத்தியச் சாலை நிதி 1929-இல் வந்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பணம் ரயில், நீர்வழி மட்டுமல்ல, மருத்துவமனை, கல்வி நிறுவனக் கட்டடம் வரை போகலாம். எதற்கு எவ்வளவு என்று முடிவு செய்வது நிதியமைச்சர் தலைமையிலான குழு.

அந்த வருடம் பங்க் விலை இதனால் மாறவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. அடிப்படை உற்பத்தி வரியில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள், பழைய சாலை செஸ் 6 ரூபாயை எடுத்தார்கள், புதிய செஸ் 8 ரூபாய் போட்டார்கள். கூட்டினால் சரியாக வருகிறதல்லவா? ஆனால் அடிப்படை வரியில் மாநிலங்களுக்கு அப்போது 42 சதவீதம் பங்கு. செஸ்ஸில் பங்கே கிடையாது. ஆக, லிட்டருக்கு 84 காசு மாநிலங்கள் கையிலிருந்து சத்தமில்லாமல் தில்லிக்குப் போனது. இதைத்தான் அவையில் பேசியிருக்க வேண்டும்.

துவாரகா விரைவுச்சாலை கி.மீ.க்கு 250 கோடி என்றார் சிஏஜி. கட்கரி தப்பு என்றார். யார் சொல்வது சரி? (சென்னை வாசகர்)

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை இது, 2023 ஆகஸ்டில் அவையில் வைத்தார்கள். அதில் ஒப்பிடுவதற்கு எடுத்த கி.மீ.க்கு 18.20 கோடி என்பது, மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலா முழுவதற்கும் போட்ட சராசரி. தில்லியையும் குருகிராமையும் இணைக்கும் துவாரகா சாலை எட்டு வழி மேம்பாலச் சாலை, சுரங்கப்பாதையும் உண்டு. 250.77 கோடியை அதோடு ஒப்பிட்டது முரட்டுக் கணக்குதான். அந்த அளவுக்குச் சாலைத் துறை அமைச்சர் கட்கரி சொல்வதில் நியாயம் உண்டு.

டி.வி.யில் 250-ஐ மட்டும் கத்திவிட்டு, பக்கத்து வரியை விட்டுவிட்டார்கள். அங்கே ஏன் மேம்பாலச் சாலை என்பதற்குக் கோப்பில் காரணமே பதிவாகவில்லை என்கிறது அறிக்கை. இதற்குச் சராசரிக் கணக்கு பதிலாகாது. அப்புறம் இதையும் பாருங்கள்: 2017-இல் பாரத்மாலாவுக்குக் கொடுத்த அனுமதி 34,800 கி.மீ.க்கு 5.35 லட்சம் கோடி. 2023 மார்ச் வரை ஒப்புதல் கொடுத்தது 26,316 கி.மீ.க்கு 8.46 லட்சம் கோடி. ரோடு குறைந்தது, ரூபாய் கூடியது. துவாரகா ஒன்றால் மட்டும் இவ்வளவு ஏறாது.

எங்கள் எம்.பி. கேட்ட கேள்விக்கு ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்திருக்கிறது. குப்பைக்கூடைதானே? (திருநெல்வேலி வாசகர்)

இல்லை. அந்த வாக்கியம் அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இழுத்தடித்தால் அரசு உறுதிமொழிகள் குழு கேட்கும். குழு மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் கோப்பு திறந்தே இருக்கும். தேதியைக் குறித்து வைத்து எம்.பி. அலுவலகத்தை நச்சரியுங்கள்.

அடுத்த முறை கேள்வியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘நெடுஞ்சாலைப் பணிகளின் நிலை என்ன’ என்று கேட்டால் ஒரு பக்கத்துக்குப் பெருமைதான் வரும். சாலை எண், எந்தக் கி.மீ.யிலிருந்து எதுவரை, ஒப்பந்தம் கையெழுத்தான தேதி, அன்றைக்குக் கையில் இருந்த நிலம் எத்தனை சதவீதம், இதுவரை கொடுத்த தொகை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேள்வி நாளுக்கு 15 நாள் முன்பே நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும், கடைசி வாரத்தில் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.