காசு ரோட்டு எது, சும்மா ரோட்டு எது? போர்ட்ட பாத்து எப்பிடி கண்டுபிடிக்கிற?

நீங்க லீவுக்கு வந்து வாகனம் ஓடுற ஆள் போல, இல்லாட்டி இப்பதான் லைசன் எடுத்திருக்கீங்க. ஏனெண்டா கட்டுநாயக்க எயார்போர்ட் பக்கம் ஒருக்கா மாட்டினவங்கதான் இப்பிடி கேப்பாங்க. வேன் ஹயர் ஓடுற நானே மாட்டினவன், சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு போங்க.

ஒண்ட விளங்கிக்கோங்க, இலங்கையில கிழக்குப் பக்கம் ஹைவே எண்ட காசு ரோட்டு ஒண்டும் இல்ல. களுவாஞ்சிகுடியில இருந்து நான் ஏ4, ஏ15, ஏ11, ஏ6 எண்டு வாறது முழுக்க சும்மா ரோட்டு. வெலிகந்தையில யானை மறிக்கும், அதுவும் காசு கேக்காது.

2019ல கனடாவில இருந்து வந்த மாமாவ ஏத்தப் போனன். சீதுவையில ஒரு வீட்டுக்கு சாமான் குடுக்கணும், அது பழைய நீர்கொழும்பு ரோட்டு, ஏ3. எயார்போர்ட்டால வெளிய வந்தா ரெண்டு ரோட்டும் கொழும்புக்குத்தான் போகுது, நான் போர்ட்டில கொழும்பு எண்ட சொல்ல மட்டும் பாத்துட்டு வாகனங்களோட வாகனமா நேர ஹைவேக்குள்ள போயிட்டன். ஹைவே வாசல் கூட்டுக்குள்ள இருந்த பொடியன் காசு கேக்கல, ஒரு துண்டுதான் தந்தான். காசு கேக்காததால நானும் சந்தேகப்படல, இதுதான் பிழைக்கிற இடம். உள்ள போகக்குள்ள துண்டு, வெளிய வரக்குள்ளதான் காசு. மறுகா கிறுகவும் ஏலாது, ரிவேர்ஸ் எடுக்கவும் ஏலாது, சீதுவைய தாண்டி ஜா-எலவிலதான் இறங்கி ஏ3யால திரும்பி வந்த.

மாமா விடுவாரா? "மருமகன், கனடாவில இப்பிடி நடக்காது" எண்டு தொடங்கினார். நாங்க வந்த எயார்போர்ட் ரோட்டுக்கு பேரே கனடா பிரெண்ட்ஷிப் ரோட் எண்டத அவருக்கு சொல்லல. எல்லுப்போல விட்டுப் பிடிச்சன், அவர்ட கதை தானா வெளிய வந்துட்டு. டொரொண்டோவில 401 எண்ட ஹைவேயில எக்ஸ்பிரஸ், கலெக்டர் எண்டு ரெண்டு லேன், ரெண்டும் சும்மா. இவர் கலெக்டர் எண்டா காசு கலெக்ட் பண்ற பக்கம் எண்டு நினைச்சு மாசக்கணக்கா எக்ஸ்பிரஸிலயே ஓடி இறங்குற இடத்த விட்டிருக்கார், ஏனெண்டா எக்ஸ்பிரஸில எல்லா இடத்திலயும் இறங்க ஏலாது. 407 எண்ட காசு ரோட்டில கூடும் இல்ல தடுப்பும் இல்ல எண்டு சந்தோசமா போனவருக்கு, கமரா நம்பர் பிளேட்ட பிடிச்சு பில் வீட்டுக்கு வந்திருக்கு. இஞ்ச துண்டாவது தாறாங்க!

சரி உங்கட கேள்விக்கு வாறன். ஊர்ப் பேரப் பாக்காதீங்க, நம்பரப் பாருங்க. இங்கிலீஷ் இ (E) எழுத்து வந்தா ஹைவே, கட்டுநாயக்க ஹைவே இ03, தெற்குக்கு போறது இ01. ஏ, பி எண்டா பயமில்ல. இன்னொண்டு, முன்னால ஒரு ஆட்டோவோ மோட்டச்சைக்கிளோ போகுதெண்டா நீங்க சும்மா ரோட்டிலதான் நிக்கிறீங்க, ஹைவேக்குள்ள அதுகள விட மாட்டாங்க. இதுக்கு "போனில மேப் போட்டா சரிதானே" எண்டு ஒருத்தர் வருவார், அண்டைக்கு என்ட போன மாமாதான் வச்சு ஊருக்கு கதைச்சிட்டு இருந்தார் அண்ணே.

ஹயர் எடுக்கிறவங்களுக்கு ஒண்டு கேக்கணும், டிரைவருக்கு வயிறு இல்லையா? சீதுவை வீட்டில எல்லாரும் உள்ள போய் சாப்பிட்டு வந்தாங்க, மருமகன் எண்ட நான் வேனுக்குள்ள பிஸ்கட். ஊர் வந்து சேந்து ஹயர் காசு தரக்குள்ள மாமா ஜா-எலவில கட்டினதையும் கழிச்சிட்டுத்தான் தந்தார்.