சிறு வயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் கவுன்சிலிங்கில் மீள முடியுமா? அங்கே என்னதான் நடக்கும்?

முடியும். சென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் சில வருடங்களாகக் கவுன்சிலராக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"உள்ளே போனதும் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொல்வார்களோ?" என்றுதான் பலருக்கும் பயம். சொல்லச் சொல்ல மாட்டோம். முதல் சில வாரங்கள் தூக்கம், சாப்பாடு, திடீரென்று வரும் படபடப்பு, இதைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு அக்கா வந்தார். வயது 35. மகளுக்கு எட்டு வயது ஆனதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. அவருக்கு அது நடந்ததும் எட்டு வயதில்தான். பக்கத்து போர்ஷனில் கொசுவர்த்தி ஏற்றினால்கூட, அந்த வாசனையில் பழசு நினைவுக்கு வந்து இவருக்குக் கை சில்லிட்டுவிடும். இரண்டு மாதம் நாங்கள் பழகியது இதைத்தான்: வாசனை வந்ததும் வெறுங்காலைத் தரையில் அழுத்தி, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லி, "இது என் வீடு, எனக்கு 35 வயசு" என்று வாய்விட்டுச் சொல்வது. அது அப்போது, இது இப்போது என்று உடம்புக்குப் புரிய வேண்டும். அதற்கு முன் பழசைக் கிளறினால் காயம்தான் பெரிதாகும்.

அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "நான் ஏன் கத்தவில்லை?" பெரிய பயத்தில் உடம்பு ஓடப் பார்க்கும், எதிர்க்கப் பார்க்கும், இரண்டுக்கும் வழியில்லை என்றால் விறைத்துப்போகும். அது சம்மதம் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் மனசு ஏற்காது. "உங்க மகளால அந்த ஆளைத் தள்ளிவிட முடியுமா?" என்று அந்த அக்காவிடம் கேட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதார்.

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். "ஆம்பளப் பையனுக்கு என்ன ஆயிடும்" என்று வீட்டிலேயே அமுக்கிவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டத்தில் பையன், பெண் வித்தியாசம் கிடையாது.

வருகிறவர் 18 வயதுக்குக் கீழே என்றால், நான் சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பிள்ளை வாய் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு மீறினால், அது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு துரோகம்.

எங்கள் பக்கம் பாதி வீடு ஒரே ரூம்தான். போனில் பேசக்கூட இடம் இருக்காது. மொட்டை மாடியோ, கோயில் வாசலோ, பத்து நிமிடம் தனியாகக் கிடைத்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. பிள்ளைகளுக்கு 1098. நேரில் போக வேண்டும் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. முதல் நாளே "ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்று ஒரு கவுன்சிலர் கேட்டால், தயங்காமல் எழுந்து வந்து வேறு ஒருவரைப் பாருங்கள்.