பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரையைப் படம் எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று அண்மையில்தான் தெரிந்தது. கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லை. விழித்திரைப் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ள வேண்டுமா?

ஆம், இப்போதே. இரண்டாம் வகை பலருக்குச் சில ஆண்டுகள் உடலில் இருந்த பிறகுதான் தெரியவருகிறது. அதற்குள் விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருக்கலாம். அதனால்தான் இந்த வகையினருக்கு நோய் கண்டறியப்பட்டவுடனேயே முதல் பரிசோதனை என்கிறார்கள். முதல் வகையினருக்கு நோய் தெரிந்ததிலிருந்து 5 ஆண்டுகளுக்குள். இன்னொன்றும் உண்டு. சிகிச்சையால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரை பாதிக்கப்பட்ட சிலருக்கு அந்தப் பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். ஆரம்ப நிலையைக் காட்டும் படம் கையில் இருப்பது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

விழித்திரைப் படம் எடுப்பதுதான் என் வேலை. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிட்டு வருபவர்களின் படத்தில்கூட சிவப்புப் புள்ளிகளையும் ரத்தத் திட்டுகளையும் மஞ்சள் படிவுகளையும் பார்க்கிறேன். நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் நலிந்து புடைப்பதாலும் கசிவதாலும் வருபவை அவை. நடுப்பகுதியான மாகுலாவை எட்டாத வரை பொதுவாகப் பார்வை குறையாது. நோய் முற்றி, எளிதில் உடையும் புதிய ரத்தக்குழாய்கள் விழித்திரையில் முளைத்த பிறகும் ஒருவர் நன்றாகவே படித்துக்கொண்டிருக்கலாம். அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும் நாளில்தான் விபரீதம் புரிகிறது. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காப்பதில் வல்லவை. போனதை முழுதாக மீட்பது கடினம்.

இங்கிலாந்தில் 2003-இல் நாடு தழுவிய விழித்திரைப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 2009-10 காலத்துப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அங்கும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்குச் சர்க்கரை விழித்திரை நோய் முதற்காரணமாக இல்லை. அரை நூற்றாண்டில் அதுவே முதல்முறை. அந்த மாற்றத்தில் இந்தப் பரிசோதனைக்குப் பங்கு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

படம் எடுப்பதில் வலி கிடையாது, கேமரா கண்ணைத் தொடாது, சில நிமிட வேலை. கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். அன்று வண்டி ஓட்டாதீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அறிக்கையைப் பற்றி. கண்பாவை சிறுத்திருந்தாலோ கண்புரை இருந்தாலோ படம் மங்கலாக வரும். அறிக்கையில் ‘மதிப்பிட இயலவில்லை’ என்று இருக்கும். பலர் இதை ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படியல்ல, உங்கள் விழித்திரையை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். சொட்டு மருந்து விட்டு மீண்டும் படம் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கண் மருத்துவரே நேரில் பார்க்க வேண்டும். படத்தை மருத்துவருக்குப் பதில் செயற்கை நுண்ணறிவு ஆராய்ந்தாலும் இதே விதிதான். மருத்துவரின் விளக்கமின்றித் தானே முடிவு சொல்லும் முதல் கருவிக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மங்கலான படத்தை வைத்து அதனாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

படம் நன்றாக வந்தாலும் அது ஒரு சல்லடைதான். வழக்கமான கேமரா விழித்திரையின் ஓரங்களை எட்டுவதில்லை, கண் அழுத்தத்தை அளப்பதில்லை. மாகுலா வீக்கத்தை உறுதிசெய்ய, விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் வேண்டும்.

முடிவு நன்றாக இருந்தால் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை போதும். கருத்தரிக்கத் திட்டமிடும் சர்க்கரை நோயாளிகள் அதற்கு முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, அடுத்த படத்துக்குக் குறித்த தேதி வரை காத்திருக்காதீர்கள்; அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.