மான் கொம்பு: அப்பன் கொடுத்ததா, மேய்ச்சல் கொடுத்ததா?

கோடை விடுமுறையில் வேலூர் அருகே அமிர்தி உயிரியல் பூங்காவுக்குப் போய்வந்தவர்கள் புள்ளிமானைப் பற்றிக் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவனான என் பதில்கள்.

ஆட்டுக் கொம்பு விழுவதில்லை. மான் கொம்பு மட்டும் ஏன் விழுகிறது? (குடியாத்தம்)

ஆட்டுக் கொம்பின் மேலுறை நகத்தின் சரக்கு. மான் கொம்போ முழுக்க எலும்பு. வளரும்போது பூமயிர்த் தோல் போர்த்தி, ரத்தம் ஓடி, தொட்டால் சூடாக இருக்கும். முற்றியதும் தோல் காய்கிறது. மரத்தில் தேய்த்து உரித்துவிடும். பிறகு ஆண் சுரப்பு (ஹார்மோன்) குறையும்போது அடியோடு கழன்று, புதிது முளைக்கும்.

மாடு விடும் விழாக் காளைக்குப் பரம்பரை பார்க்கிறோம். மான் கொம்பும் அப்பன் வழிதானா? (அணைக்கட்டு)

அம்மாவை மறந்துவிட்டீர்களே! கொம்பே இல்லாத பெட்டையும் கொம்புக்கான மரபணுவைக் கடத்துகிறது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களைப் பல தலைமுறையாகக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். கொம்பின் எடையில் மானுக்கு மான் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பரம்பரை. பெரிய கொம்பன்களுக்கே குட்டிகள் அதிகம். ஆனாலும் தலைமுறைதோறும் கொம்பு பெரிதாகிக்கொண்டே போகவில்லை. நன்றாக மேய்ந்த மானுக்குக் கொம்பும் பெருக்கிறது, பெட்டைகளும் கிடைக்கின்றன. மேய்ச்சலைக் குட்டிக்கு எழுதிவைக்க முடியாதே!

அடங்கிப்போகிற ஆணுக்குக் கொம்பு சிறுக்குமா? (காட்பாடி, கல்லூரி மாணவி)

சிறுக்கலாம். பூமயிர்க் காலத்தில் கொம்பால் முட்டினால் வலி, ரத்தம். அதனால் பின்னங்காலில் எழுந்து முன்னங்காலால் குத்திக்கொள்கின்றன. தோற்றது தீவனத்தொட்டியில் பின்னால் நிற்கும், மிரட்சி வேறு. அடைப்பில் வளர்த்த செம்மான்களில், கொம்பு வளரும் மாதங்களில் தலைமை கைமாறியபோது கொம்பு வளர்ச்சியும் அதற்கேற்ப மாறியதைக் கண்டிருக்கிறார்கள். கொம்பு பெரிதானதால் தலைவன் என்கிறோம். தலைவனானதால் பெரிதான கொம்பும் உண்டு. உங்கள் கேள்விதான் இவற்றில் எனக்குப் பிடித்தது.

ஒரே சமயத்தில் ஒரு ஆண் மான் மொட்டை, ஒன்றுக்குப் பூமயிர், ஒன்றுக்கு முற்றிய கொம்பு. நோயா? (ஆலங்காயம்)

நோயில்லை. குளிர்நாட்டு மான்களைப் பகல்பொழுதின் நீளம் ஒரே தாளத்தில் நடத்துகிறது. நம் புள்ளிமானில் ஒவ்வொரு ஆணுக்கும் தனி நாள்காட்டி.

கிளையை எண்ணி வயது சொல்லலாமா? (ஆற்காடு)

முடியாது. வளர்ந்த புள்ளிமானுக்குப் பொதுவாகப் பக்கத்துக்கு மூன்று முனைதான், எத்தனை வயதானாலும். வயதுக்குப் பல்லைப் பாருங்கள்.

காட்டில் கிடந்த கொம்பை வீட்டில் மாட்டலாமா? (ஒடுகத்தூர்)

கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உங்களைத் தேடி வரும். சுண்ணாம்புச் சத்துக்காக அதை முள்ளம்பன்றி கடிக்கும், மானே கடிக்கும். கிடந்த இடத்திலேயே விடுங்கள்.