டிஓஐ வாங்கியாச்சு, அப்புறம் மெட்டாடேட்டா எதற்கு?

ஈரோட்டில் உங்கள் கல்லூரி ஆய்விதழுக்கு டிஓஐ வாங்கிவிட்டதாகவும், 'திறந்த, இணைந்த மெட்டாடேட்டா' என்றால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

டிஓஐ (DOI) ஒரு கட்டுரையின் நிரந்தர இணைய முகவரி. அந்தக் கட்டுரையைப் பற்றிய விவரங்கள்தான் மெட்டாடேட்டா. டிஓஐயோடு, அதைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃபில் (Crossref) என்னென்ன விவரங்கள் பதிகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு கொடுத்ததோடு நிறைய இதழ்கள் நிறுத்திக்கொள்கின்றன.

ஆசிரியர் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் ஆராய்ச்சி செய்பவர் எஸ். பழனிசாமி என்றால், நம் பக்கம் அந்தப் பெயரில் எத்தனை பேர்! ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், வேறொன்றில் அப்பா பெயர் முழுசாக. கணினிக்கு எல்லாரும் வேறு வேறு ஆட்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் தரும் ஆர்கிட் (ORCID) 2012இல் வந்தது; அதன் 16 இலக்க அடையாளத்தைச் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் பெயரையும் ஆளுக்கொரு மாதிரி சுருக்கி எழுதலாம். இதேபோல நிறுவனங்களுக்கு ஆர்ஓஆர் (ROR) என்ற தனி அடையாளம் உண்டு.

இந்த அடையாளங்கள் ஒன்றையொன்று சுட்டுவதுதான் இணைப்பு. இந்த விவரங்களை யாரும் காசில்லாமல், அனுமதி கேட்காமல் எடுத்தாளலாம் என்பதே திறந்த தன்மை.

மேற்கோள் பட்டியலை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 2022 முதல் கிராஸ்ரெஃபில் பதியும் மேற்கோள்கள் எல்லாமே திறந்தவை. ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஓப்பன்அலெக்ஸ் (OpenAlex) போன்ற இலவசத் தளங்கள் அவற்றை எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் பதியாவிட்டால், உங்கள் ஆசிரியர்கள் மேற்கோள் காட்டிய உள்ளூர் ஆய்வாளருக்கு அந்தக் கணக்கு சேராமலே போகலாம். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆய்விதழ் நடத்த உதவும் ஓஜேஎஸ் (OJS) மென்பொருளில் இதழ் நடத்தினால், விவரங்களைக் கிராஸ்ரெஃபுக்கு அனுப்பும் பிளக்இன் (கூடுதல் வசதி) இருக்கிறது. சரி, பழைய இதழ்கள்? விட்டுப்போனதைச் சேர்த்து மறுபடி பதியலாம். அந்தத் திருத்தத்துக்குக் கட்டணம் கிடையாது.