நர்சரி ஆப்பில் வரும் படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

வடமேற்கு லண்டனில் ஒரு நர்சரியில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் பேபி ரூம், இப்போது டெபுடி மேனேஜர். பிள்ளைகளின் படம், தூக்கம், சாப்பாடு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஆப்பில் பெற்றோருக்கு அனுப்புவது எங்கள் அன்றாட வேலை. டேபெஸ்ட்ரி, ஃபேம்லி என்ற இரண்டு ஆப்பிலும் கை பழகியிருக்கிறது. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்து விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ்காரர்களுக்கு விதிகள் வேறு.

முதல் தடவை அப்பா, ரெடிங்: பொண்ணுக்கு 14 மாசம். சேர்த்த முதல் வாரம் தினமும் ஆறேழு போட்டோ வந்துச்சு. இப்ப நாலாவது வாரம். ஒண்ணு வந்தா பெரிசு, சில நாள் ஒண்ணுமே இல்ல. கவனிக்க மாட்டேங்கறாங்களோன்னு வயித்தக் கலக்குது.

முதல் வாரத்துப் படங்கள் உங்களுக்காக எடுத்தவை. காலையில் அழுத பிள்ளையை விட்டுவிட்டு ரயிலேறும் அப்பாவுக்கு, பத்து மணிக்கு அவள் சிரிக்கிற படம் ஒன்று போனால் அவரும் நிம்மதியாக வேலை பார்ப்பார், எங்களுக்கும் போன் வராது. இது எல்லா நர்சரிக்கும் தெரிந்த வித்தை.

இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒரு ஆள் என்பது சட்டம். ஒன்பது பிள்ளை இருக்கும் அறையில் மூன்று பேர். காலை பதினொரு மணிக்கு அந்த அறையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் நாப்பி மாற்றுகிறார். இன்னொருவர் மடியில் ஒன்று பால் குடிக்கிறது. மூன்றாமவர்தான் மீதி ஏழு பேரையும் பார்க்கிறார். அவர் டேப்லெட்டை எடுத்தால் (ரப்பர் உறை போட்டது, மூலையில் எப்போதும் யோகர்ட் ஒட்டியிருக்கும்) ஒரு பிள்ளை படத்தில் விழும், ஆறு பிள்ளை அவர் கண்ணிலிருந்து விலகும். அதனால் படம் குறைந்த நாளை நான் நல்ல நாள் கணக்கில்தான் வைப்பேன்.

2021 செப்டம்பரில் இ.ஒய்.எஃப்.எஸ் என்ற அரசு விதித்தொகுப்பைத் திருத்தியபோதும் இதையே சொன்னார்கள்: எழுத்து வேலையைக் குறையுங்கள், பிள்ளையோடு இருங்கள். இத்தனை படம் வேண்டும், இத்தனை குறிப்பு வேண்டும் என்று நர்சரிகளைச் சோதிக்க வரும் ஆஃப்ஸ்டெட் அதிகாரிகளும் கேட்பதில்லை.

சாயங்காலம் கூப்பிடப் போகும்போது உங்கள் பெண்ணின் கீ பெர்சனிடம் (அவளுக்கென்று பொறுப்பாக இருக்கும் ஊழியர்) ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு எதுல ரொம்ப நேரம் உட்கார்ந்தா?" உடனே முகம் மலர்ந்து ஏதாவது சொன்னால் ஆப் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. ஆப்பும் காலி, அவர் முகமும் காலி என்று ஒரு வாரம் தொடர்ந்தால் மேனேஜரைப் பாருங்கள்.

ஈஸ்ட் ஹாம் அம்மா: வீட்டில் ஊட்டிவிட்டாலும் ரெண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஆப்பில் தினமும் "மதிய உணவு: முழுவதும்" என்று வருகிறது. நம்பவா?

பாதி நம்புங்கள். எங்களுக்கு ஆப்பில் நாலு பொத்தான்தான்: முழுவதும், பெரும்பகுதி, கொஞ்சம், இல்லை. எவ்வளவு பரிமாறினோம் என்பது அதில் ஏறாது. இரண்டு கரண்டி பாஸ்தா வைத்து இரண்டையும் தின்றால் அதுவும் "முழுவதும்"தான். அதோடு, சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதிகிறோம். எட்டுப் பேருக்கு "முழுவதும்" போட்டுவிட்டு ஒன்பதாவது ஆளுக்கும் விரல் தானாக அங்கேயே போவதுண்டு.

ஆனால் இன்னொன்றும் உண்மை. பக்கத்தில் நாலு பேர் தின்றால் இவனும் தின்பான். வீட்டில் தட்டோடு பின்னால் ஓடுகிற ஆள் இருக்கிறார், இங்கே கிடையாது. சந்தேகமிருந்தால் "இரண்டாம் தடவை கேட்டானா?" என்று விசாரியுங்கள். அலர்ஜி இருந்தால் மட்டும் ஆப் மெசேஜோடு நிறுத்தாதீர்கள். நேரில் சொல்லி, படிவத்தில் எழுதி, சமையல்காரர் வரை போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐடி அப்பா, ஸ்லவ்: போன வருஷம் நர்சரி ஹேக் ஆன செய்திக்கு அப்புறம் எனக்கு இந்த ஆப் மேலேயே நம்பிக்கை போச்சு. என்ன கேட்கணும், யார்கிட்ட கேட்கணும்?

மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: 2025 செப்டம்பரில் கிடோ என்ற நர்சரிக் குழுமத்தின் தகவல்களைத் திருடி, சுமார் 8,000 பிள்ளைகளின் விவரம் கையில் இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டது ஒரு கும்பல். சில பிள்ளைகளின் படமும் முகவரியும் இணையத்தில் வெளியாயின. அக்டோபரில் 17 வயதுப் பையன்கள் இருவர் கைதானார்கள். குழுமம் பயன்படுத்திய ஆப்பின் நிறுவனம், தங்கள் கட்டமைப்பு உடைக்கப்படவில்லை என்றது.

என் அனுபவத்தில் பெரிய பூட்டு எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. சாவி கிடக்கிற இடம்தான் சரியில்லை. நாலு பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிற டேப்லெட், வேலையை விட்டுப் போய் மூன்று மாதமாகியும் மூடாத கணக்கு, மேசை மேல் ஒட்டிய மஞ்சள் சீட்டு. எனவே மேனேஜரிடம் இவற்றைக் கேளுங்கள்: ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கா, இரண்டடுக்கு உள்நுழைவு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) உண்டா, போனவர்களின் கணக்கை அன்றே மூடுகிறீர்களா, பிள்ளை விலகிய பிறகு படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் எழுத்தில் கேளுங்கள். நியாயமான கேள்விதான், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஊழியரின் சொந்த போன் அறைக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். பிளிமத் நகரில் ஒரு நர்சரி ஊழியர் தன் கைபேசியில் பிள்ளைகளைத் தகாத முறையில் படமெடுத்து அனுப்பியது 2009-இல் வெளிவந்து நாடே உறைந்தது. போன், கேமரா பற்றி நர்சரிக்கு எழுதப்பட்ட கொள்கை இருக்க வேண்டும் என்பது இன்று சட்டம். எங்கள் போன்கள் காலை வந்ததும் லாக்கருக்குள் போய்விடும். என் மகன் பள்ளியிலிருந்து அழைத்தால்கூட ஆபீஸ் போனுக்குத்தான் வரும்.

ஹாரோ அம்மா (யாழ்ப்பாணம்): அம்மம்மா ஊரில இருக்கிறா. பேரனை ஒருக்காத்தான் நேரில பாத்தவ. ஆப்பில வாற படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில போடக் கூடாது எண்டு நர்சரி சொல்லுது. என்ர பிள்ளையின்ர படம்தானே அக்கா?

உங்கள் பிள்ளை மட்டும் இருக்கிற படமென்றால் பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். சேரும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். சிக்கல் பக்கத்தில் நிற்கிற பிள்ளை. எந்த நர்சரியிலும், இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கலாம். அடிக்கிற கணவனிடமிருந்து ஊர் மாறி வந்த தாயின் பிள்ளை, நீதிமன்ற உத்தரவில் வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் பிள்ளை. யார் அந்தப் பிள்ளை என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டோம், சொல்லவும் கூடாது. நர்சரியின் பெயர் போட்ட டிஷர்ட்டோடு ஒரு குரூப் போட்டோ நாலு குரூப் தாண்டிப் போனால், இடத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.

அம்மம்மாவுக்கு வழி இருக்கிறது. டேபெஸ்ட்ரியில் உறவினர்களையும் பிள்ளையின் கணக்கோடு இணைக்கலாம், நர்சரி செய்து தரும். யாழ்ப்பாணத்திலிருந்து அவவே உள்ளே வந்து படம் பார்க்கலாம், கீழே நாலு வரி எழுதவும் செய்யலாம். உங்கள் பாஸ்வேர்டை மட்டும் கொடுக்காதீர்கள்.

மில்டன் கீன்ஸ், இரட்டையர் தாய்: எங்களுக்குப் படமே வேண்டாம். சொன்னால் பிள்ளைகளை ஒதுக்கிவிடுவார்களோ?

முதலில் படிவத்தைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளையின் சொந்தப் பக்கம், மற்ற பிள்ளைகளின் பக்கத்தில் வரும் கூட்டுப்படம், சுவர், விளம்பரம், பேஸ்புக் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே கட்டமென்றால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

ஒதுக்குவார்களா என்றால், மனமறிந்து செய்ய மாட்டார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தும்போது "நீ இங்க வா கண்ணா" என்று ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பது சுலபமான வழி. நானே செய்திருக்கிறேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு விட்டுவிட்டேன். இப்போது பிள்ளைகளின் கைகளை, செய்த பொருளை, முதுகுப் பக்கத்தை எடுக்கிறோம். உங்கள் நர்சரி என்ன செய்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கவலைப்படும் அம்மா, கிராய்டன்: பையனுக்கு 2 வயது 3 மாதம். ஆப்பில் முன்னேற்ற அறிக்கை வந்தது. பேச்சு, மொழிப் பகுதியில் "வயதுக்கு எதிர்பார்த்ததை விடக் குறைவு". வீட்டில் தமிழில் வாய் ஓயாமல் பேசுகிறான். தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் பேசலாமா என்கிறார் கணவர்.

நிறுத்தாதீர்கள். அவரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வந்தது இரண்டு வயதுச் சோதனை. பிள்ளைக்கு 2 முதல் 3 வயதுக்குள் ஒவ்வொரு நர்சரியும் கட்டாயம் எழுதித் தர வேண்டியது. பேச்சு, உடல், மனமும் பழக்கமும் என்று மூன்று பகுதிகள். அதைப் பெற்றோரோடு பேசி எழுத வேண்டும். நோட்டிஃபிகேஷனில் மட்டும் வந்து விழுந்தது என்றால் அவர்கள் பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள். உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். வீட்டு மொழியையும் விளையாட்டிலும் படிப்பிலும் பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது.

எங்கள் அறையில் நடந்த ஒரு கூத்து. தமிழ்ப் பையன் ஒருவன் ஜன்னல் வழியே பார்சல் கொண்டுவந்தவரைப் பார்த்து "மாமா! மாமா!" என்று குதித்தான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அணைத்துச் சமாதானம் சொல்லி, ஆப்பில் "இன்று அம்மாவை மிகவும் தேடினான்" என்று எழுதிவிட்டாள். அம்மா ஆபீஸில் அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் செய்கிறார். நான் அன்று லீவு. மறுநாள் வந்து விளக்கிய பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பெண் கெட்டிக்காரி, அக்கறையானவள். அவளுக்கு மாமா என்றால் மம்மா, அவ்வளவுதான். உங்கள் பையன் பேசுவதில் எத்தனை இப்படிக் காற்றில் போகிறதோ!

எனவே இன்றைக்கே அரை நிமிட வீடியோ ஒன்று எடுங்கள். பாட வைக்க வேண்டாம், ஒப்பிக்க வைக்க வேண்டாம். சாப்பிடும்போது சும்மா பேசுவது போதும். டேபெஸ்ட்ரியில் பெற்றோரும் பதிவு போடலாம். கீழே ஒவ்வொரு வரிக்கும் பொருள் எழுதுங்கள். "தண்ணி வேணாம், பால் வேணும்" என்று சொல்கிறானா? நாலு வார்த்தை, ஒன்றை மறுத்து இன்னொன்றைக் கேட்கிறான். அதை எந்த மொழியில் சொன்னாலும் பேச்சு வளர்ச்சிதான். கூடவே அவன் அடிக்கடி சொல்கிற பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் உச்சரிப்போடு அனுப்புங்கள். "சூச்சா" முதலில் வரட்டும்.

தமிழிலும் சொற்கள் குறைவாக இருந்தால், சொன்னது புரியாதவன் போல இருந்தால், அது வேறு விஷயம். 2 முதல் இரண்டரை வயதுக்குள் ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் நர்ஸ்) செய்யும் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். காது கேட்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நைட் ஷிஃப்ட் நர்ஸ்: ஒவ்வொரு படத்துக்கும் லைக் போடணுமா? போடாட்டி தப்பா நினைப்பாங்களா?

நினைக்க மாட்டோம், தூங்குங்கள். மாதத்துக்கு ஒரு தடவை "வீட்டிலும் இதே மாதிரி டப்பா அடுக்குகிறாள்" என்று ஒரு வரி எழுதினால், படம் போட்ட ஊழியர் அதை எல்லோரிடமும் காட்டுவார்.

பெயர் வேண்டாம்: மகள் கையில் கடித்த தடம். ஆப்பில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு யார் கடித்தது என்று சொல்ல முடியாது என்கிறார்கள்.

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அடிபட்டால், முதலுதவி செய்தால், அன்றைக்கே அல்லது முடிந்த அளவு சீக்கிரம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், பதிவும் வைக்க வேண்டும். இதில் விலக்கு இல்லை. பதிவைக் காட்டச் சொல்லுங்கள். யாரும் பார்க்கவில்லை என்பதே பதிலானால், ஏன் பார்க்கவில்லை என்பது அடுத்த கேள்வி. கடித்தவன் பெயரைச் சொல்லாதது சரி. நாளை உங்கள் மகள் கடித்தாலும் சொல்ல மாட்டார்கள்.

சென்னையிலிருந்து வந்தவர்: அக்கா பிள்ளையோட பிளே ஸ்கூல்ல சிசிடிவி லைவா போன்ல வருது. இங்க ஏன் இல்ல?

சில இடங்களில் உண்டு. எனக்குப் பிடிக்காது. உங்கள் பிள்ளையை நீங்கள் பார்க்கும்போது மற்ற பிள்ளைகளையும் முப்பது வீடு பார்க்கிறது, பாட்டி தாத்தா சித்தப்பா சகிதம்.

செப்டம்பரில் ரிசெப்ஷன் (பள்ளியின் முதல் வகுப்பு) போகும் பெண்ணின் அப்பா: மூணு வருஷப் படம் ஆப்பில் கிடக்கு. நர்சரி முடிஞ்சா போயிடுமா?

கணக்கை மூடினால் உங்களால் பார்க்க முடியாது. டேபெஸ்ட்ரியில் முழுப் புத்தகமாக பிடிஎஃப் இறக்கலாம், ஆனால் பிடிஎஃப்பில் வீடியோ ஓடாது, அதைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். மற்ற ஆப்களில் என்ன வழி என்று மேனேஜரிடம் கேளுங்கள். தவறவிட்டாலும், பிள்ளையைப் பற்றிய தகவலின் பிரதியை எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

ஆனால் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள். அந்த வாரம் நாற்பது குடும்பம் இதே கேள்வியோடு வரும், ஆபீஸில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர். ஜூலையிலேயே இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகு பிடிஎஃப்பைத் திறந்து கடைசிப் பக்கம் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். என் மகனுடையதில் பதினாலு மாதத்தோடு நின்றுபோனது. அதைக் கண்டுபிடித்தபோது அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான்.